பத்தாவது பொருத்தம்

பிப்ரவரி 12, திங்கள்

பந்துகள் பதினான்கில் பதிமூன்றுதான் இருக்கின்றன. ஒன்று வடகரைக் கல்லூரி மைதானத்திலேயே தங்கிவிட்டது. ஜெர்சிகளை எண்ணி ஊறவைத்தேன். ஐந்தாம் எண்ணில் அக்குள் பக்கம் தையல் விட்டிருக்கிறது. என்னுடைய வெள்ளைத் துண்டையும் துவைத்துக் காயப்போட்டேன்.

உடற்கல்வி இயக்குநர் தனசேகரன் சார் கூடைப்பந்து இறுதி ஆட்டத்தைப் பற்றி இந்தக் குறிப்பேட்டில் விவரமாக எழுதச் சொன்னார். உதவிப் பயிற்சியாளனான நான் எழுத வேண்டும், சனிக்கிழமை அவர் கையெழுத்துப் போடுவார். மூன்று வருடமாக இதுதான் அவருடைய சட்டம். எழுதுகிறேன்.

தென்கரை 68, வடகரை 66. நாம் ஜெயித்தோம். பதினோரு வருடத்துக்குப் பிறகு கோப்பை ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருக்கிறது. மூன்றாவது குவார்ட்டரில் நாம் ஒன்பது பாயிண்ட் பின்னால் இருந்தபோது வடகரையின் சென்டர் ரூபன் கூடைக்கு அடியில் விழுந்தான். பந்தோடு நகர்ந்துவிட்டான், டிராவலிங் என்று நடுவர் கையைச் சுற்றிக் காட்டினார். பந்து நமக்கு வந்தது. ரூபன் எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சரின் நீளம் அவனுக்குப் பத்தாமல் கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு ஆட்டம் நம் கைக்கு வந்தது.

பிப்ரவரி 13, செவ்வாய்

துண்டை மறுபடியும் துவைத்தேன். அதில் கறை எதுவும் இல்லை.

பிப்ரவரி 14, புதன்

வருகைப் பதிவேட்டை நகல் எடுக்க ஜாபர் பாய் கடைக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு கல்லூரிக்கும் நடுவில் வைகைப் பாலம்; பாலத்தின் இந்த முனையில் அவர் ஜெராக்ஸ் கடை. மனுஷன் வடகரையில் படித்தவர், தென்கரையில் கடை போட்டவர். அதனால் இரண்டு பக்கத்துப் பையன்களுக்கும் அங்கேதான் வாய்ச்சண்டை.

ஒவ்வொரு வருடமும் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் பாய் ஒரு தாளைக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவார். மேலே இரண்டு அணியின் சென்டர்கள் பெயர், கீழே பத்து வரி. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற மாதிரி இரண்டு பெரிய ஆட்களுக்கும் பத்துப் பொருத்தம் பார்ப்பார். மற்ற நான்கு பேரைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. கூடைக்கு அடியில் யார் நிற்கிறானோ அவன்தான் அணி, மிச்சமெல்லாம் பந்து எடுத்துக் கொடுக்கிறவர்கள் என்பார்.

இந்த வருடம் பையன்கள் ஒரு வாரம் அடித்துக்கொண்டார்கள். உயரம் ரூபனுக்கு, அவன் ஆறடி ஏழு, எங்கள் கவியரசு ஆறடி ஐந்து. எடையும் ரூபனுக்கு. இடது கையால் ஹூக் போடுவது ரூபனுக்கு. கவியரசுக்கு இடது கை சோறு பிசையக்கூட லாயக்கில்லை என்று பாயே எழுதிவைத்தார். ரீபவுண்ட் ரூபனுக்கு. குதிப்பு கவியரசுக்கு, மூச்சு கவியரசுக்கு. முழங்காலும் அவனுக்கே. ஃப்ரீ த்ரோவில் ரூபன் பத்துக்கு ஐந்து போட்டால் வடகரையில் வெடி வெடிப்பார்கள், ஆகவே அதுவும் கவியரசுக்கு. ஒன்பதாவது கோபம். எத்தனை முழங்கை வாங்கினாலும் ரூபன் சிரித்துவிட்டுப் போவான், அதனால் அது அவனுக்கு. ஐந்துக்கு நான்கு. பத்தாவது வரியை மட்டும் பாய் காலியாக விடுவார். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணிக்காரன் வந்து, எதனால் ஜெயித்தோம் என்று அவன் கையால் எழுத வேண்டும். அது கடையின் வழக்கம்.

தாள் இன்னும் கண்ணாடியில் இருக்கிறது. பாய் என்னை எழுதச் சொன்னார். பேனா இல்லை என்றேன். ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு பேனா இல்லை என்று சொன்னவன் நானாகத்தான் இருப்பேன். அவர் கல்லாவில் இருந்த நான்கு பேனாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், நகலுக்கு எட்டு ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 15, வியாழன்

காலைப் பயிற்சிக்கு ஒன்பது பேர் வந்தார்கள். கவியரசு வந்து தனியாக ஃப்ரீ த்ரோ போட்டான். நாற்பதில் முப்பத்தாறு. முகத்தில் ஒன்றும் இல்லை.

ரூபனுக்கு நேற்று முன்தினம் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டதாம். இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பில் ஒன்று நொறுங்கி நரம்பை அழுத்தியிருக்கிறது, திருகு வைத்திருக்கிறார்கள். இடது கால் மரத்துக் கிடக்கிறது. நடை வரும் என்கிறார்கள். ஆட்டத்தைப் பற்றி இப்போது கேட்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இதெல்லாம் கவியரசு சொன்னது. வடகரைப் பையன்களிடம் விசாரித்திருக்கிறான்.

இருபத்தாறாம் தேதி சென்னையில் ஒரு வங்கி ஆள் எடுக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு சென்டர். ரூபனுக்கும் கவியரசுக்கும் மட்டும்தான் கடிதம் வந்திருந்தது. இப்போது போட்டியே இல்லை. கவியரசு தேர்வாவது உறுதி என்று தனசேகரன் சார் சந்தோஷமாகச் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

நான் செய்யச் சொன்னது விதிப்படி சரியான ஆட்டம். இதையும் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 17, சனி

சார் கையெழுத்துப் போட்டார். ஒரு கையில் போன், மறு கையில் பேனா. பக்கத்தைத் திருப்பக்கூட இல்லை. மூன்று வருடமாக இவர் படிப்பார் என்று பயந்து, பயந்து, "பையன்கள் உற்சாகமாக இருந்தனர்" என்றே எழுதிக்கொண்டிருந்தேன். நல்ல கூத்து.

அப்படியென்றால் எழுதலாம். ரூபன் எங்கள் போடி ஊர்க்காரன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

விடுதியில் இன்று கோழிக்குழம்பு. சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ரூபன் எங்கள் கிளப்புக்கு வந்தபோது அவனுக்குப் பதிமூன்று வயது, அப்போதே ஆறடி. எனக்கு இருபத்தொன்று. நான்தான் கிளப்பின் சென்டர், ஆறடி நான்கு. அவனோடு மோதிப் பழக ஊரில் வேறு உடம்பு இல்லை. ஏலக்காய் மூட்டைச் சாக்கு ஒன்றில் தேங்காய் நாரைத் திணித்து, நெஞ்சோடு கட்டிக்கொண்டு நான் பின்னால் நிற்பேன். அவன் கூடைக்கு முதுகைக் காட்டிப் பந்தை வாங்கி, என் மேல் சாய்ந்து, ஒரு தட்டுத் தட்டி, திரும்பி இடது கையால் போட வேண்டும். காலையில் நூறு முறை, சாயங்காலம் நூறு முறை.

முதலில் கூச்சப்பட்டான். அண்ணன் மேல் எப்படி இடிப்பது என்று நெளிவான். சாய்வதாக இருந்தால் முழுசாகச் சாயடா, பாதி சாய்கிறவன் பந்தைத் தொலைத்துவிடுவான் என்று கத்துவேன். பழகிக்கொண்டான். அப்புறம் மொத்த எடையையும் கொடுத்துவிடுவான். வருடத்துக்கு வருடம் அந்த எடை ஏறியது எனக்குத் தெரியும். அவன் அம்மாவுக்கு அடுத்து எனக்குத்தான் அது தெரியும்.

எவ்வளவு சாய்ந்தாலும் கால் தன் எடைக்குக் கீழே இருக்க வேண்டும். எந்தப் பயிற்சியாளரும் முதல் மாதத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. பின்னால் நிற்கிறவன் திடீரென்று விலகிவிட்டால் விழக் கூடாதே. அதை நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. தேவைப்படவில்லை, நான்தான் பின்னால் நின்றேன். ஒரே ஒரு நாள் விலகிக் காட்டி, ஒருமுறை மண்ணைக் கவ்வ விட்டிருந்தால் பதிமூன்று வயதிலேயே கற்றிருப்பான். நான் விலகியதில்லை.

பிறகு என் முழங்கால் போனது. இந்தக் கல்லூரியில் ஒப்பந்தத்தில் வேலை கிடைத்தது. அவனை வடகரைக்காரர்கள் கூப்பிட்டுக்கொண்டார்கள். தீபாவளிக்கு ஊரில் பார்ப்போம், பந்தைத் தவிர எல்லாம் பேசுவோம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஜாபர் பாய் கடையில் ரூபன் விழுகிற வீடியோ ஓடுகிறது. யாரோ கேலரியிலிருந்து எடுத்தது. அதற்குச் சிரிக்கிற பொம்மை முகம் போட்டுப் பரப்பியிருக்கிறார்கள். பையன்கள் இன்னமும் பொருத்தம் பேசுகிறார்கள். ரூபன் விழாமல் இருந்திருந்தால் இருபது பாயிண்டில் வடகரை ஜெயித்திருக்கும் என்று ஒருவன். கவியரசு அப்போதுதான் சூடுபிடித்தான் என்று இன்னொருவன். கீழே கிடப்பவனுக்கு உயரம் எத்தனை, எடை எத்தனை என்று மறுபடி ஆரம்பிக்கிறார்கள். நான் டீயைக் குடித்து முடித்தேன்.

பாய் மட்டும் பேசவில்லை. பையன்கள் போனதும் போனை என் முன்னால் வைத்து, ஓர் இடத்தில் நிறுத்தினார். ரூபன் பந்தை வாங்குகிறான். கவியரசு அவனுக்குப் பின்னால் நிற்கிறான். ஆனால் கவியரசின் கண் பந்தில் இல்லை, எங்கள் பெஞ்சில் இருக்கிறது. பெஞ்சில் நான் நிற்கிறேன். வலது தோளிலிருந்த துண்டை எடுத்து இடது தோளில் போடுகிறேன். அடுத்த நொடி கவியரசு ஓர் அடி பின்னால் விலகுகிறான்.

"ஏன்யா லிங்கம், அன்னையிலருந்து துண்டு போடுறதையே விட்டுட்ட?" என்றார்.

வெயில் குறைவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். மதுரையில், மாசி மாதத்தில்.

பிப்ரவரி 21, புதன்

கோர்ட்டுக்குக் கோடு அடித்தோம். வெள்ளைப் பெயிண்ட் பாதிக் கோர்ட்டுக்குத்தான் வந்தது.

பிப்ரவரி 22, வியாழன்

ரூபன் அம்மா போன் செய்தார். எஸ்தரம்மா. போடியில் காலைப் பயிற்சி முடிந்ததும் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இட்லி ஊற்றுவார். முதல் தட்டை எனக்குத்தான் நீட்டுவார். போனை இரண்டு முறை எடுக்கவில்லை, மூன்றாவது முறை எடுத்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம், உள்ளூரில் இருக்கிற நான் ஏன் வரவில்லை என்று கேட்டார். வேலை என்றேன். கோப்பை வாங்கியதில் வேலை இருக்கத்தான் செய்யும் என்று அவரே எனக்குப் பதில் சொல்லிக்கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"ஒன்னையக் கேட்டுக்கிட்டேதான் இருக்கான் லிங்கம். செவ்வாக்கிழமை நிக்க வைக்கப் போறாகளாம். அன்னைக்காச்சும் வா சாமி."

வருகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு ஜெர்சிகளை மடித்தேன். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். மனசு என்று ஒன்று உள்ளே இருக்கிறதா என்றே தெரியவில்லை. அவன் இடது காலும் இப்படித்தான் இருக்குமோ.

பிப்ரவரி 24, சனி

என் வேலை நிரந்தரமாகிறது. நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டுவிட்டதாம். தனசேகரன் சார் கடிதத்தைக் கையில் கொடுத்து, ஆட்டத்தின் போக்கை மாற்றிய நுட்பத்துக்காக என்று அதில் எழுதியிருப்பதைத் தானே படித்துக் காட்டினார். எதிரணி சென்டரின் பலவீனத்தை எத்தனை வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். நிறைய என்றேன்.

ஒரு வீடியோவும் பார்க்கவில்லை. ஆட்டத்துக்கு முந்தின வாரம் கவியரசைத் தனியாக நிற்கவைத்து, அவன் முன்னால் நான் ரூபனாக நின்று சாய்ந்து காட்டினேன். அவன் ஒரு தட்டுத் தட்டுவான், தட்டின உடனே மொத்தமாக உன் மேல் வருவான், அப்போது நீ அங்கே இருக்காதே என்றேன். வாத்தியார் மாதிரி நடித்துக் காட்டினேன். கவியரசு விலகினான், நான் விழவில்லை. எனக்குக் கால் கீழே இருந்தது. ரூபன் விழுவான் என்று எனக்குத் தெரியும். இப்படி விழுவான் என்று தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய தூரம் இருப்பதாகப் பன்னிரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். இந்தப் பக்கத்துக்கு அடியிலேயே.

பிப்ரவரி 26, திங்கள்

ராத்திரி பத்து மணிக்குக் கவியரசு ஸ்டோர் ரூமுக்கு வந்தான். சென்னையில் இருக்க வேண்டியவன். வங்கித் தேர்வு காலை ஏழு மணிக்கு. போய்த்தான் இருக்கிறான். முதலில் ஓட்டம், குதிப்பு, எல்லாம் சரி. பிறகு பந்தைக் கொடுத்து, பின்னால் ஓர் ஆளை நிறுத்தி, மோதிக் காட்டச் சொன்னார்களாம். இவனால் முதுகைக் கொடுக்க முடியவில்லை. மூன்று முறை கேட்டும் சாயாமல் நின்றிருக்கிறான். பையை எடுத்துக்கொண்டு பகல் ரயிலில் வந்துவிட்டான்.

வேலை போச்சேடா என்றேன். பந்துக் கூடையின் மேல் உட்கார்ந்து காலணி நாடாவை அவிழ்த்தான், கட்டினான்.

"நீங்க சொன்னதத்தான கோச் செஞ்சேன்" என்றான். குற்றமாகச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற மாதிரிச் சொன்னான்.

விதியில் இருக்கிறது என்றேன். நடுவரே நமக்குத்தான் பந்து கொடுத்தார் என்றேன். என் காதுக்கே அது கேவலமாக இருந்தது.

"ரூபன்கிட்ட நான் போயிச் சொல்லவா, நீங்க போயிச் சொல்றீங்களா?"

நான் போகிறேன் என்றேன். இரண்டு வாரத்தில் நான் உண்மையாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

பிப்ரவரி 27, செவ்வாய்

காலையில் பாலம் ஏறுவதற்கு முன் ஜாபர் பாய் கடையில் நின்றேன். பேனா கேட்டேன். கண்ணாடியில் இருந்த தாளில், பத்தாவது வரியில் என் பெயரை எழுதினேன். பூவலிங்கம், போடி. கவியரசு பக்கத்தில் டிக் போட்டேன். பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். தாளைக் கண்ணாடியிலிருந்து உரித்து, நான்காக மடித்துக் கல்லாவுக்குள் வைத்துக்கொண்டார். இனிமேல் ஒட்டப்போவதில்லை என்றார்.

ஆஸ்பத்திரியில் இரண்டாவது மாடி. கட்டில் அவனுக்குப் பத்தாமல் காலடியில் ஒரு ஸ்டூல் போட்டு நீட்டியிருந்தார்கள். எஸ்தரம்மா என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு காபி வாங்கப் போனார். ரூபன் இளைத்திருக்கிறான். இடுப்பில் பட்டை. என்னைப் பார்த்துச் சிரித்தான், முழங்கை வாங்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

காபி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று உட்காராமலே சொன்னேன். கவியரசுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன், துண்டு மாற்றினால் விலக வேண்டும் என்பது என் ஏற்பாடு, நீ எப்படிச் சாய்வாய் என்று தெரிந்துதான் செய்தேன் என்றேன். மன்னித்துவிடு என்றும் சொன்னேன். வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் ஒன்றும் தோன்றாமல் இருந்தவனுக்கு, அந்த அறையில் நிற்கவே கூசியது.

ரூபன் சன்னல் பக்கம் பார்த்தான்.

"தெரியும்ணே. கீழ விழுகுறப்பவே தெரிஞ்சிருச்சு" என்றான். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டு, "நான் எப்பச் சாய்வேன்னு ஒங்களத் தவிர யாருக்குத் தெரியும்?"

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். அம்மாவுக்குத் தாங்காது என்றான். அம்மா இன்னமும் என் பெயரைச் சொல்லித்தான் ஜெபம் பண்ணுகிறாராம். நீங்களே வந்து சொல்லட்டும் என்று இருந்தேன் என்றான். அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

எஸ்தரம்மா காபியோடு வந்தார். முதல் டம்ளரை எனக்குத்தான் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அதற்குள் பிசியோதெரபிஸ்ட் வந்துவிட்டார், ஒல்லியான பெண். ரூபனின் தோளுக்குக்கூட எட்டமாட்டார். வாக்கரை முன்னால் வைத்து, அவனை எழுப்பி நிறுத்த இரண்டு ஆண் உதவியாளர்களைக் கூப்பிட்டார். பக்கத்துக்கு ஒருவராகத் தாங்கி நிறுத்தினார்கள். அவன் தலை மின்விசிறிக்குக் கிட்டே போனது. இடது பாதம் தரையில் இருந்தது, ஆனால் அது அவனுடையது மாதிரி இல்லை.

முதுகுக்குப் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும் என்றார் அந்தப் பெண். நல்ல உயரமான ஆள் வேண்டும் என்று சுற்றிப் பார்த்தார். எஸ்தரம்மா என்னைக் கை காட்டினார். எத்தனை வருஷம் இவன்தான் நின்றான் என்று பெருமையாக வேறு சொன்னார். நான் காபியை வைத்துவிட்டுப் போய், சாக்கு இல்லாமல், பின்னால் நின்றேன்.

"இப்ப மெதுவா பின்னாடி சாய்ங்க. அண்ணன் இருக்காரு, பயப்படாதீங்க" என்றார் அந்தப் பெண்.

ரூபன் சாயவில்லை. வாக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தை மெல்லத் திருப்பி, நான் நிற்கிறேனா என்று பார்த்தான். ஐந்து வருடத்தில், பல்லாயிரம் தடவையில், ஒருமுறைகூட அவன் திரும்பிப் பார்த்ததில்லை.

பிறகு சாய்ந்தான். அவனுடைய முழு எடை எனக்குத் தெரியும். இது பாதிகூட இல்லை. பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்றார்கள், நின்றேன். நாளைக்கும் காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.